பெட்டி போச்சு, டிஸ்க் இருக்கு: ஒரு அச்சகத்து எக்ஸ்பியை வர்ச்சுவல் மெஷினாக்கியது

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு சின்ன பிரஸ் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிக் கார்டு, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் நோட்டீஸ், கடைகளுக்கு பில் புக். முன்னறையில் மினி ஆஃப்செட், பின்னறையில் டிடிபி. அந்தப் பின்னறையில் 2004-இல் அசெம்பிள் செய்த ஒரு பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பியோடும், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளோடும் இருபது வருடம் ஓடியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பிரஸ்ஸுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது எதை எடுத்தார்களோ இல்லையோ, இந்தப் பெட்டியை முதலில் தூக்கிப் பேப்பர் ரீம் அடுக்குக்கு மேல் வைத்துவிட்டார்கள். அப்படித் தப்பித்த பெட்டி, அடுத்த மாதம் மழையும் இல்லாத புயலும் இல்லாத ஒரு காலையில் சும்மா ஆன் ஆகவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது பவர் சப்ளை சரியாகத்தான் இருந்தது. மதர்போர்டில் பிராசஸர் பக்கத்துக் கெபாசிட்டர்கள் நான்கு, தலை உப்பி, ஒன்றில் பழுப்புக் கசிவு. காசிமேட்டுக் கடல் காற்று படுகிற இடம் என்பதால் போர்டு ஸ்க்ரூ எல்லாம் துரு வேறு. கெபாசிட்டர் மாற்றிப் பார்க்கலாம், மாற்றினால் ஓடவும் ஓடலாம், ஆனால் இன்னும் எத்தனை மாதத்துக்கு? எனக்கு முன்னால் வேறொரு கடையில் இந்த டிஸ்க்கை எடுத்து அவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறார்கள், அது தானாகவே டிஸ்க் செக் ஓட்டி எதையோ "சரிசெய்து" விட்டிருக்கிறது. பழுதான டிஸ்க்கில் டிஸ்க் செக் ஓட்டுவது, எலும்பு முறிந்தவனை எழுந்து நடந்து காட்டச் சொல்வது மாதிரி. நல்ல வேளை, பெரிய சேதம் இல்லை.

பிரஸ் அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பெட்டி போனா போவட்டும் தம்பி, உள்ள இருக்குறது எனக்கு வேணும். இருபது வருசத்து பார்ட்டிங்க அதுலதான் கீறாங்க." புதிதாக ஒரு ரைசன் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார், விண்டோஸ் 10-ஓடு. ஃபைல்களை அதில் காப்பி அடித்தால் முடிந்தது என்று அவர் மகன் நினைத்திருக்கிறான், அடித்தும் பார்த்திருக்கிறான். அங்கேதான் சிக்கல்.

ஃபைல் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு காரணம். பேஜ்மேக்கர் ஃபைலை, அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன் மென்பொருளில் திறக்க முடியும், ஆனால் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான், அதற்குப் பிறகு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, தமிழ். இவர்கள் வைத்திருப்பது யூனிகோடு எழுத்துரு இல்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது, இவர்களுடையது அதுவும் இல்லை, அதற்கும் முந்தைய வழக்கம்: பாமினி வரிசையில் அமைந்த எழுத்துரு. அதில் "தமிழ்" என்று அடித்திருந்தால் கம்ப்யூட்டர் உண்மையில் சேமித்திருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல். மகன் பார்த்தது அந்தக் கிறுக்கலைத்தான். எழுத்துரு, அதற்கான கீபோர்டு மென்பொருள், பேஜ்மேக்கர், டி டிரைவில் இன்ன ஃபோல்டரில் இன்ன பிள்ளையார் படம் என்று எல்லாம் ஒன்றோடொன்று கோத்து நிற்கிறது. ஒரு நூலை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அதனால் ஃபைலை எடுக்காமல் டிஸ்க்கையே முழுதாக எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை (அதுதான் வர்ச்சுவல் மெஷின்) உருவாக்கி, அதில் பூட் செய்ய வைப்பது என்று முடிவு செய்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய பெட்டி இன்னும் ஆன் ஆகிறது என்றால் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி உங்களுக்கு வேண்டாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவைஸ் மேனேஜரில் போய், டிஸ்க்கோடு பேசும் சிப்பான ஐடிஇ கன்ட்ரோலரின் டிரைவரை "ஸ்டாண்டர்டு டூயல் சேனல்" என்ற பொதுவான டிரைவராக மாற்றிவிட்டு, சிஸ்இன்டர்னல்ஸின் டிஸ்க்2விஹெச்டி என்ற சின்ன மென்பொருளை (எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பு) ஓட்டினால், ஓடுகிற விண்டோஸையே படமெடுத்துக் கொடுத்துவிடும். செத்த பிறகு வருவது கஷ்டம். எல்லோரும் செத்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

முதல் வேலை: நகல்

டிஸ்க் 40 ஜிபி, அகலமான 40 பின் ஐடிஇ ரிப்பன் கேபிள் காலத்தது. ரிச்சி தெருவில் யூஎஸ்பி-ஐடிஇ அடாப்டர் ஒன்று வாங்கி, ஜம்பரை மாஸ்டரில் வைத்து மாட்டினேன். விண்டோஸில் மாட்டவில்லை. விண்டோஸ் ஒரு டிஸ்க்கைப் பார்த்தவுடன் அதில் ஏதாவது எழுதாமல் விடாது. பென்டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து, டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல் (அதாவது ஃபைல்களைத் திறக்காமல்), டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளை ஓட்டினேன். லினக்ஸின் சாதாரண நகல் கட்டளையான டிடி, கெட்ட செக்டாரில் (டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டில்) முட்டி நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் நல்ல இடங்களை எல்லாம் வாரிக்கொண்டு, முட்டுகிற இடத்தைத் தாண்டிப் போய், எங்கெங்கே விட்டது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் கிளறும். நடுவில் கரண்ட் போனாலும் அந்த மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

மொத்தம் 78,165,360 செக்டார். ஒவ்வொன்றும் 512 பைட். முக்கால்வாசி அரை மணி நேரத்தில் வந்துவிட்டது, மிச்சம் ராத்திரி முழுக்க. டிக், டிக் என்று ஒரு சத்தம், ஒரு நிமிடம் மௌனம், மறுபடி டிக். டிஸ்க்கின் மேல் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் 376 செக்டார் மட்டும் வரவில்லை, அதாவது 188 கேபி. மூன்று முறை திரும்ப முயன்றும் வரவில்லை, சரி, போகட்டும்.

அந்த 188 கேபி எந்தெந்த ஃபைலில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது தனி வேலை, செய்துதான் ஆக வேண்டும். பெரும்பகுதி பேஜ் ஃபைலிலும் (ரேம் போதாதபோது விண்டோஸ் எழுதும் தற்காலிக ஃபைல்) காலி இடத்திலும். ஒன்று 2011-ஆம் வருடத்து பில் புக். இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கியது: ஃபான்ட்ஸ் ஃபோல்டரில், பத்திரிகைத் தலைப்புக்குப் போடும் தடித்த எழுத்துரு. "திருமண அழைப்பிதழ்" என்று வளைத்து எழுதுவார்களே, அது. அதன் நடுவில் வெறும் பூஜ்ஜியங்கள். ஒரிஜினல் சிடி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இதை அங்கே டைப் செய்யும் அக்காவிடம் சொன்னேன். அவர் அந்த பிரஸ்ஸில் பதினெட்டு வருடம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃபிலிம் எடுக்க வெளியில அனுப்புவோமே, அப்ப ஃபான்ட்டும் சேர்த்துப் போட்டுத்தானே குடுப்போம், அந்த ஃபோல்டர்ல பாருப்பா" என்றார். உண்மைதான். பேஜ்மேக்கரில் அச்சுக்கு வெளியே அனுப்புவதற்கென்று ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்துக் கட்டித் தரும் வசதி உண்டு. 2009-இல் ஒரு நாலு கலர் வேலைக்கு அனுப்பிய ஃபோல்டரில் அந்த எழுத்துரு முழுதாக உட்கார்ந்திருந்தது.

நகல் எடுத்ததும் ஒரிஜினல் டிஸ்க்கை ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டுக் கட்டிவிட்டேன். இதற்கு மேல் நடந்த எல்லாமே நகலின் நகலில்தான். வர்ச்சுவல்பாக்ஸில் நிஜ டிஸ்க்கையே நேராகக் காட்டி பூட் செய்யவும் வழி இருக்கிறது, செய்யாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எக்ஸ்பி உட்கார்ந்து பேஜ் ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்.

நீலத்திரை

டிடிரெஸ்க்யூ எடுத்துத் தந்த அப்படியே நகலை (ரா இமேஜ்) வர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ வடிவத்துக்கு மாற்றி, ஒரு ஜிபி ரேம் கொடுத்து, டிஸ்க்கை ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டி ஆன் செய்தேன். ஐடிஇக்குப் பின் வந்த சாட்டாவில் மாட்டக்கூடாது, அதற்கு வேண்டிய ஏஹெச்சிஐ டிரைவர் எக்ஸ்பிக்குப் பிறவியிலேயே கிடையாது. கறுப்புத் திரையில் விண்டோஸ் லோகோ வந்தது, கீழே அந்த நீலப் பட்டை இரண்டு தடவை ஓடியது, பளிச்சென்று நீலத்திரை. ஸ்டாப் 7பி, அதாவது பூட் டிஸ்க்கைத் தொட முடியவில்லை.

இது எதிர்பார்த்ததுதான். எக்ஸ்பி பூட் ஆகும்போது டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னால், எந்தக் கன்ட்ரோலருக்கு எந்த டிரைவர் என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம்) ஒரு பட்டியலைப் பார்க்கும். அதில் பழைய மதர்போர்டின் இன்டெல் சிப் இருக்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவது பிஐஐஎக்ஸ்4 என்ற வேறு சிப், வென்டர் எண் 8086, டிவைஸ் எண் 7111. பட்டியலில் அது இல்லை. அதுவரை பயாஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த விண்டோஸ், சொந்தக் காலில் டிஸ்க்கைப் படிக்க வேண்டிய நொடியில் வாசல் தெரியாமல் நின்றுவிடுகிறது. ஆகவே பட்டியலில் 7111-ஐச் சேர்த்து, இன்டெல்ஐடிஇ டிரைவரை அதற்கு நேராக எழுதி, பிசிஐஐடிஇ, அடாபி முதலான டிரைவர் ஃபைல்கள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றனவா என்று பார்த்து, அவை பூட்டிலேயே தொடங்கும்படி செய்தால் தீர்ந்தது. பூட் ஆகாத விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுத வேண்டும் என்பதால், இந்த டிஸ்க்கை இன்னொரு விண்டோஸ் வர்ச்சுவல் மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அதன் சிஸ்டம் ஹைவை (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி இருக்கும் ஃபைல்) ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஏற்றித் திருத்தினேன்.

மறுபடி ஆன் செய்தேன். 7பி.

டிரைவர் ஃபைலைச் சரிபார்த்தேன், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், கன்ட்ரோலரை பிஐஐஎக்ஸ்3 ஆக்கிப் பார்த்தேன், ஐசிஹெச்6 ஆக்கிப் பார்த்தேன். 7பி. ஒரு சாயங்காலம் முழுதும் போனது, அண்ணன் இரண்டு தடவை டீ சொல்லி அனுப்பிவிட்டார். ராத்திரி வீட்டுக்குப் போகும் வழியில், மின்ட் பக்கத்தில் சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் "கரன்ட் கன்ட்ரோல் செட்" என்று ஒன்று தெரியும், ஆனால் அது நிஜக் கிளை இல்லை, வெறும் சுட்டுக்குறி. வெளியிலிருந்து ஏற்றிய ஹைவில் அது தெரியாது, கன்ட்ரோல்செட்001, 003 என்று எண்ணோடுதான் தெரியும். எல்லோரும் 001-இல் எழுதுவார்கள், நானும் எழுதினேன். எதை விண்டோஸ் உண்மையில் பயன்படுத்துகிறது என்பது பக்கத்திலேயே இருக்கும் "செலக்ட்" என்ற கிளையில் "கரன்ட்" என்ற மதிப்பில் இருக்கும். மறுநாள் காலை முதல் வேலையாகப் பார்த்தேன். மூன்று. எப்போதோ ஒரு நாள் யாரோ "லாஸ்ட் நோன் குட்" (கடைசியாக நன்றாக ஓடிய அமைப்பு) போட்டு பூட் செய்திருக்கிறார்கள், அதிலிருந்து அது மூன்றாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 003-இல் அதே திருத்தத்தை எழுதியதும் 7பி போய்விட்டது.

போய், கறுப்புத் திரையில் நின்றது. பழைய பிராசஸர் ஹைப்பர்த்ரெடிங் உள்ள பென்டியம் 4, ஒன்றே இரண்டு போலத் தெரியும், அதனால் எக்ஸ்பி பல பிராசஸருக்கான ஹால் (ஹார்டுவேரோடு பேசும் விண்டோஸின் அடித்தளம்) போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு ஐஓ ஏபிஐசி என்ற இன்டரப்ட் கன்ட்ரோலர் வேண்டும், வர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் அந்த டிக் விழாமல் இருந்தது. டிக் போட்டேன். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தூரம் போய் ஸ்டாப் 7இ. இது இன்டெல்பிபிஎம் என்ற டிரைவர், இன்டெல் பிராசஸரின் மின்சாரச் செலவைப் பார்த்துக்கொள்வது, புது மெஷினின் ரைசனோ ஏஎம்டி கம்பெனியுடையது. ரெஜிஸ்ட்ரியில் அதன் "ஸ்டார்ட்" மதிப்பை 4 ஆக்கினால் அந்த டிரைவர் எழுந்திருக்காது. இந்தத் தடவை சரியாக 003-இல்.

அப்புறம் அந்தப் பச்சைப் புல்வெளி வால்பேப்பர் வந்தது. 640-க்கு 480 அளவில், பதினாறு கலரில், ஐகான் எல்லாம் இட்லி சைசில். பின்னால் நின்றிருந்த அக்கா, "ஐயோ, என் முருகன் போட்டோவ காணோம்" என்றார். முதல்நாள் கவலை அதுதான் அவருக்கு. கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற வர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் தொகுப்பைப் போட்டு, ஸ்கிரீன் அளவு சரியானதும், அவர் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த முருகனை எடுத்துப் பின்னணியில் போட்டுக் கொடுத்தேன்.

சி டிரைவ், டி டிரைவ் இரண்டும் பழைய எழுத்திலேயே வந்திருந்தன. பார்ட்டிஷனை மட்டும் எடுக்காமல் முழு டிஸ்க்கையும் எடுத்ததன் பலன் இது, டிஸ்க்கின் கையெழுத்து எண்ணும் கூடவே வந்துவிடுகிறது, எந்த எழுத்து எந்தப் பார்ட்டிஷனுக்கு என்பதை எக்ஸ்பி அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. பேஜ்மேக்கரைத் திறந்து ஒரு பழைய பத்திரிகையைக் கூப்பிட்டதும் பிள்ளையார், குத்துவிளக்கு, பார்டர் எல்லாம் தேடாமல் வந்து உட்கார்ந்தன.

ஆக்டிவேஷன் கேட்டது. ஹார்டுவேர் மாறிவிட்டது, மூன்று நாளில் பதிவு செய் என்றது. பெட்டியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் எக்ஸ்பியாக இருந்தால் அந்த உரிமம் அந்தப் பெட்டிக்குத்தான், வேறொன்றுக்கு எடுத்துப் போக முடியாது. இங்கே அண்ணன் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் எக்ஸ்பி, அதன் அட்டைப்பெட்டி பீரோவில் பழைய கேஷ் புக்குகளுக்கு அடியில் மஞ்சளடித்துக் கிடந்தது. போனில் எண்களைச் சொல்லி முடித்தோம்.

நெட்வொர்க் கார்டை வர்ச்சுவல் மெஷினிலிருந்து கழற்றிவிட்டேன். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது, அதை இன்டர்நெட்டில் விடுவது பூட்டில்லாத வீட்டைத் தெருவில் விடுவது. அது மட்டுமில்லை, டி டிரைவில் ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய "நியூ ஃபோல்டர்" பென்டிரைவ் வைரஸ், ஆறு இடத்தில். அதனால் பென்டிரைவையும் உள்ளே விடவில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே ஒரு ஷேர்டு ஃபோல்டர், அதையும் வெளியே இருக்கும் விண்டோஸ் 10 ஸ்கேன் செய்கிறது.

சாவி

தோற்ற இடமும் ஒன்று இருக்கிறது. தமிழ் கீபோர்டு மென்பொருளுக்கு ஒரு டாங்கிள், அதாவது சாவி மாதிரி ஒரு கருவி, பழைய பிரின்டர் போர்ட்டில் (பேரலல் போர்ட்) சொருகுவது, கட்டைவிரல் அளவு. அது இல்லாவிட்டால் மென்பொருள் ஓடாது. புது மெஷினில் பேரலல் போர்ட் கிடையாது. யூஎஸ்பி-பேரலல் கேபிள் ஒன்று வாங்கிச் சொருகிப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை, ஆகாது என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். அந்தக் கேபிள் கம்ப்யூட்டருக்குத் தன்னை ஒரு பிரின்டராகத்தான் காட்டிக்கொள்ளும், டாங்கிளோ 378 என்ற போர்ட் முகவரியில் நேராகத் தட்டினால்தான் பதில் சொல்லும். மென்பொருளை உடைத்துத் தருகிறேன் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள், அதில் எனக்கு இஷ்டமில்லை. விற்ற கம்பெனியின் நம்பர் எதுவும் எடுக்கவில்லை.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அக்காவிடம் சொன்னேன், பழைய வேலையைத் திறக்கலாம், அச்சடிக்கலாம், புதிதாகத் தமிழ் அடிக்க முடியாது என்று. அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கீபோர்டு மென்பொருள் எதுவும் ஓடவில்லை, வெறும் ஆங்கிலக் கீபோர்டு. பேஜ்மேக்கரில் எழுத்துருவை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே குனிந்து பார்க்காமல், தடதடவென்று அடித்தார். திரையில் "நிகழும் மங்களகரமான" என்று வந்து நின்றது.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. பாமினி வரிசை என்பதே பழைய தமிழ் டைப்ரைட்டரின் விசை வரிசைதான். ஜே விசையில் த, கே விசையில் ம. அக்கா படித்தது தண்டையார்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், தமிழ் ஹையர் பாஸ். டைப்ரைட்டர் வரிசை தெரியாதவர்களுக்குத்தான் அந்த மென்பொருளும் டாங்கிளும், அவர் விரலுக்கு அது எந்தக் காலத்திலும் தேவைப்படவில்லை. "அது அண்ணன் பையனுக்காக வாங்குனதுப்பா, நான் எப்பவும் ஆஃப் பண்ணி வெச்சிருவேன்" என்றார். விசையில் இல்லாத இரண்டு மூன்று எழுத்துக்கு மட்டும் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் போட வேண்டும், அந்த எண்களைப் பழைய மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி செல்லோடேப் போட்டிருந்தார். அதைப் பிய்த்துப் புது மானிட்டரில் ஒட்டினோம்.

அச்சுக்கு: உள்ளே பேஜ்மேக்கர், அதோடு வந்த, பிடிஎஃப் ஆக்கும் டிஸ்டிலர் மென்பொருளில் பிடிஎஃப், எழுத்துரு உள்ளேயே பதியும்படி அமைப்பு, ஷேர்டு ஃபோல்டர், வெளியே விண்டோஸ் 10-இலிருந்து லேசரில் ட்ரேசிங் பேப்பர். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவதை பேஜ்மேக்கரில் செய்வதா வெளியே செய்வதா என்று முதல்நாள் இருவரும் தனித்தனியாகச் செய்துவிட்டு, இரண்டு தடவை திரும்பி நேராகவே வந்து, ஒரு பிளேட் வீண்.

விடிஐ ஃபைல், ரா இமேஜ், மேப் ஃபைல் மூன்றும் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று பிரஸ்ஸில், ஒன்று அண்ணன் வீட்டு முதல் மாடியில். மழைக்காலம் வந்தால் பிரஸ்ஸில் இருப்பதும் மாடிக்குப் போகும். ஒரிஜினல் 40 ஜிபி டிஸ்க் பீரோவில், எக்ஸ்பி பெட்டிக்குப் பக்கத்தில். உப்பிய மதர்போர்டைப் பழைய இரும்புக்காரருக்குப் போடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன், ஆயுத பூஜை முடியட்டும் என்றார்.